இன்னும் முடியலீங்க

என் இதயத்தில் ஓட்டை இருப்பது நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்தே இருந்த ஓட்டை. அதுவரை எனக்கு இருந்தது வீசிங். வீசிங்குக்கு முன்னால் ரத்தசோகை. அதற்கும் முன்னால், கல்யாணமாகி வந்த புதிதில், உடம்பு வணங்காத குணம்.

காங்கேயத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு இரண்டாவது மாடியில். மணி அடித்ததும் மற்ற டீச்சர்கள் பேசிக்கொண்டே படியேறிவிடுவார்கள். நான் முதல் மாடித் திருப்பத்தில் நின்று, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்து, மூச்சு அடங்கின பிறகுதான் மேலே போவேன். கீழ்த்தளத்தில் வகுப்பு கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் பிரின்சிபால்.

எத்தனை டாக்டர்களிடம் போயிருப்பேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னேன். ஒருவர் சத்து மாத்திரை எழுதினார். ஒருவர் இன்ஹேலர் கொடுத்தார். ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். அப்போது நான் ஒன்றும் பருமனாக இல்லை. இன்னொருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். மகளைப் பெற்றபோது மாதாமாதம் செக்கப்புக்குப் போனேன். அப்போதும் யாருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மெல்லிய சத்தம்தான் வரும், கூர்ந்து கேட்டால்தான் தெரியும் என்று பிறகு சொன்னார்கள். கூர்ந்து கேட்பதற்கு இருபது வருஷமாக ஒருத்தருக்குக்கூட நேரமில்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

சளி விடாமல் இருந்த ஒரு மழைக்காலத்தில், ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடியும் பிடிக்கச் சொன்னார். எக்கோ எடுத்துவிடலாம் என்றார். எடுத்தோம். இதயத்தின் வலது பக்கம் வீங்கிப் பெரிதாகியிருந்தது. மேலறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை.

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த இதய டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகவே பேசினார். இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, தொடையில் ஊசித் துளை போட்டு நாளம் வழியாகவே ஒரு சின்ன மூடியைக் கொண்டுபோய் ஓட்டையில் பொருத்திவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். என் கணவர் அந்த அறையிலேயே முகம் தெளிந்துவிட்டார். வெளியே வந்ததும் தன் கொப்பரைக் களத்துக்கு போன் போட்டுச் சொன்னார், அக்காவுக்குச் சொன்னார், பங்காளிகளுக்குச் சொன்னார். கார் பல்லடம் தாண்டுவதற்குள் எங்கள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அந்த மூடியைப் பற்றித் தெரிந்துவிட்டது.

என் கணவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வெளியே கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். தேங்காயை உடைத்துக் காயவைத்து எண்ணெய் ஆட்டுபவர்களுக்கு அனுப்புகிற வேலை. களத்தில் இருப்பவர்கள், லாரிக்காரர்கள், எண்ணெய்க்காரர்கள் யாருமே அவரைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. காரணம், யார் எதைச் சொன்னாலும் அவர் "ஆமாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். சண்டை போடத் தெரியாது, மறுத்துப் பேச வராது. இந்தக் குணத்துக்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. இந்தக் குணம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தவும் செய்தது.

மூடி வைக்கும் நாளன்று எனக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு இதயத்தைப் பின்பக்கமிருந்து படம் பார்த்துக்கொண்டே பொருத்துவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கண் விழித்தபோது தொண்டை எரிந்தது, தொடையில் கட்டு இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் வந்து கட்டில் அருகே நின்றார். மூடியை வைக்கவில்லை என்றார்.

உள்ளே பார்த்தபோதுதான் தெரிந்ததாம், என்னுடையது வேறு வகை ஓட்டை. சுவரின் நடுவில் இல்லாமல் மேல் ஓரத்தில், தலையிலிருந்து ரத்தத்தை இறக்கிக்கொண்டு வரும் பெரிய சிரை இதயத்துக்குள் நுழைகிற இடத்துக்கு ஒட்டி இருந்தது. மூடியைப் பிடித்து நிறுத்துவதற்கு அங்கே விளிம்பு கிடையாது. அதோடு இன்னொரு கோளாறும் இருந்தது. நுரையீரலில் சுத்தமான ரத்தத்தை இதயத்தின் இடது பக்கத்துக்குக் கொண்டுவருகிற நாளங்கள் பொதுவாக நான்கு. எனக்கு வலது நுரையீரலின் மேல்பாகத்து நாளம் இடப்பக்கம் வராமல், அந்தப் பெரிய சிரையிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சுத்தமான ரத்தம் மறுபடி அசுத்த ரத்தத்தோடு கலந்து, மறுபடி நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக.

"ஓட்டைய மட்டும் அடைச்சாப் பத்தாதுங்கம்மா. அந்த நாளத்தையும் சரியான பக்கம் திருப்பி விடணும். அது ஆபரேஷன்லதான் முடியும்" என்றார்.

அப்போது நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. இதை முன்னாலேயே பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். வெளியிலிருந்து எடுக்கிற எக்கோவில் இந்த இடம் சரியாகத் தெரியாது, பெரியவர்களுக்கு இன்னும் சிரமம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த உண்மையால் எந்தப் பயனும் இல்லை. தொடையில் ஒரு கட்டோடும், நெஞ்சில் அதே ஓட்டையோடும் நான் காங்கேயத்துக்குத் திரும்பினேன்.

வந்த மறுநாளிலிருந்து என்னைப் பார்க்க ஒறம்பரை சனம் வர ஆரம்பித்தது. ஆப்பிள், மாதுளை, ஹார்லிக்ஸ். எல்லோரும் என் முகத்தைப் பார்த்ததும் சொன்னது ஒன்றே: நல்லபடியா முடிஞ்சுதுங்களா? தொண்டை புண்ணாக இருந்ததால் என்னால் நீளமாகப் பேச முடியவில்லை. "இன்னும் முடியலீங்க" என்றேன். வேலை இன்னும் முடியவில்லை என்பது என் அர்த்தம். அவர்களுக்கோ, உடம்புக்கு இன்னும் முடியவில்லை என்று கேட்டது. ஆபரேஷன் பண்ணின உடம்பு அப்படித்தான் இருக்கும், படுத்துக்கோ என்றார்கள். ஆட்டுக்கால் சூப் வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று பேரிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவும் செய்தேன். நாளம், சிரை, வலது, இடது என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின. பிறகு அவர்கள் வெளியே போய் என் கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஸ்கேன் எடுத்து, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும் அம்மா. அவசரம் இல்லை, ஆனால் வருஷக்கணக்கில் தள்ளவும் கூடாது, இன்னும் தள்ளினால் நுரையீரலில் அழுத்தம் ஏறி அப்புறம் ஆபரேஷனே செய்ய முடியாத நிலைமைகூட வரலாம் என்றார். அடுத்த மாதம் வெள்ளகோவிலில் என் நங்கையின் மகளுக்குக் கல்யாணம். கணவரின் அக்காவை நாங்கள் நங்கை என்போம். என் கணவர்தான் பெண்ணுக்குத் தாய்மாமன். கல்யாணம் முடிந்ததும் வருகிறோம் என்று சொல்லித் தேதி வாங்கிக்கொண்டோம். கனமானதைத் தூக்காதீர்கள், அலையாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்தில் தாய்மாமன் பெண்டாட்டி சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? மண்டபத்துக்குள் நுழைந்ததுமே கூப்பிட்டுவிட்டார்கள். சீர்த் தட்டுகளை மேல் மாடியில் இருந்த அறையிலிருந்து மேடைக்குக் கொண்டுவர வேண்டும். பித்தளைத் தாம்பாளம், அதன் மேல் தேங்காய், பழம், புடவை. முதல் தட்டை நான்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போதே சொன்னேன், டாக்டர் தூக்கக் கூடாது என்றிருக்கிறார் என்று. பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அதான் ஓட்டைய அடைச்சாச்சுல்லக்கா. இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடியே பயந்துட்டிருப்பீங்க?"

யார் சொன்னது என்று கேட்டேன். "மாமாதான் சொன்னாருங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சுன்னு" என்றாள்.

கையில் தாம்பாளம். முன்னால் நாயனக்காரர்கள் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் பத்துப் பெண்கள் தட்டோடு வரிசையாக நிற்கிறார்கள். இறங்கினேன். பாதிப் படியில் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சாதாரணமாக வருகிற படபடப்பு இல்லை. தாறுமாறாக, விட்டுவிட்டு அடித்தது. கண்ணுக்கு முன்னால் வெளுத்துக்கொண்டு வந்தது. தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு அங்கேயே உட்கார்ந்தேன். ஊர்வலம் நின்றது. நாயனம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ சோடா கொண்டுவந்தார்கள். அபசகுனம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் என் தட்டை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போன வேகத்தில் அது தெரிந்தது. எனக்குப் பின்னால் ஒரு குரல், "டீச்சர் வேலை பாக்கறவங்களுக்கு இதெல்லாம் பழக்கமிருக்காதுங்க" என்றது. முகம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் படபடப்பு தானாக அடங்கியது. தாலி கட்டுவதை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

திரும்பி வரும்போது கார் ஓலப்பாளையம் தாண்டியதும் அவரிடம் கேட்டேன்.

"முடிஞ்சுபோச்சுன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஏதோ கல்யாணம், மங்கல காரியம் என்றார். அக்கா மனசு சங்கடப்படும் என்றார். நான் விடவில்லை. மறுபடி கேட்டேன். வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார்.

"எனக்குச் சொல்றக்கு வரல அம்மணி. மொதல்ல ரெண்டு பேருத்துக்குச் சொல்லிப் பாத்தேன். அவிங்க, அப்ப அந்த டாக்டருக்கு ஒண்ணுந் தெரியாதான்னாங்க. ஒருத்தரு வேற ஆஸ்பத்திரி சொன்னாரு. இன்னொருத்தரு, பொறந்ததுல இருந்தே இருந்துதுன்னா பொண்ணு குடுக்கறப்பவே சொல்லியிருக்கோணுமேன்னாரு. அதுக்கு மேல என்னால முடியல. முடிஞ்சுபோச்சுங்கன்னு சொன்னா யாரும் ஒண்ணுங் கேக்கறதில்ல."

அந்தப் பொண்ணு கொடுக்கிற பேச்சு எனக்குப் புதிது. யார் சொன்னது என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. என் அப்பா அம்மாவுக்கே தெரியாத ஓட்டையை மறைத்து வைத்து அவர்கள் என்னைக் கட்டிக் கொடுத்தார்களாம். எங்கள் வீட்டில் மாடு விற்றால்கூட சுழி பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் விற்பார்கள் என்று வாய் வரை வந்தது. சொன்னால் நானே என்னை மாட்டோடு சேர்த்துப் பேசினதாகும். சொல்லவில்லை.

"யாரு யாருகிட்ட முடிஞ்சுதுன்னு சொன்னீங்களோ, அத்தன பேருத்துக்கிட்டயும் நீங்களே முடியலைன்னு சொல்லோணும்" என்றேன். "நாஞ் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

அவர் ஆமாங்க என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை அவர் தனியாக வெள்ளகோவில் போய் நங்கையிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே நங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாண வீட்டு வேலை அத்தனையும் அப்படியே கிடக்க, பஸ் ஏறி வந்திருந்தார். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"என்ற பொண்ணு கல்யாணத்துக்கு நீ உசுரக் குடுத்துத்தான் சீர் தூக்கோணுமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன கண்ணு, நானென்ன அந்நியமா?"

உங்கள் தம்பியைத்தான் கேட்க வேண்டும் என்றேன். தம்பியைத் திட்டியாகிவிட்டது, உன்னையும் திட்டத்தான் வந்தேன் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. தப்பு அவர் செய்தது, பேச்சு எனக்கும் சேர்த்து. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெண் கொடுத்த கதையை எடுத்த ஆள் யாரென்று நங்கைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஆளின் வீட்டு விசேஷம் எதற்கும் நங்கை போனதில்லை. ஏன் என்று கேட்டால் முழங்கால் வலி என்பார்.

கணவரும் சொன்னபடி ஒவ்வொருத்தரிடமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் களத்துக்குத் தண்ணீர் வருகிற பைப் லைனை வைத்து விளக்குவதை ஒருநாள் போனில் கேட்டேன். இந்த லைன் அங்கே போக வேண்டியது இங்கே கனெக்ஷன் ஆகியிருக்கிறது, அதை மாற்ற வேண்டும், அதுதான் ஆபரேஷன் என்று. என் நெஞ்சு மோட்டார் ரூம் இல்லை என்று கத்தலாம்போல இருந்தது. ஆனால் எதிர்முனையில் இருந்தவருக்கு உடனே புரிந்துவிட்டது. நான் படம் வரைந்து காட்டியும் புரியாத மனிதர் அவர்.

ஆபரேஷன் தேதிக்கு முந்தைய வாரம் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஈறில் இருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறி, இதயத்தில் வைக்கிற ஒட்டில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால் வாயைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நெஞ்சைத் தொடுவார்கள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. பிடுங்கினார்கள். பிடுங்கிய இடம் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, தேதி தள்ளிப்போனது. பள்ளியில் மறுபடி லீவை மாற்றி எழுதிக் கேட்டேன். பத்தாம் வகுப்புக்கு இப்படி விட்டுவிட்டு வந்தால் எப்படி என்றார் பிரின்சிபால். பல் என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இதயம் என்று சொல்லிவிட்டுப் பல்லுக்கு லீவு கேட்கிறாள் என்று நினைத்திருப்பார். நான் விளக்கவில்லை. விளக்குகிற சக்தியை ஆபரேஷனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கடைசியில் அந்த நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆபரேஷன் செய்கிற அந்த அம்மா வந்து, என்ன செய்யப் போகிறார் என்று சொன்னார். மேலிருந்து வருகிற பெரிய சிரையை, தப்பாக வந்து சேருகிற நாளத்துக்கு மேலே வெட்டி, அதன் மேல் முனையை இதயத்தின் வலது மேலறையில் காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் தைத்துவிடுவார்கள். தலையிலிருந்து வருகிற ரத்தத்துக்கு இனி அதுதான் வழி. வெட்டின கீழ்ப்பாகம் நுரையீரல் ரத்தத்துக்கு மட்டும் ஆகிவிடும். அந்த ரத்தம் ஓட்டை வழியாக இடது பக்கம் போகும்படி உள்ளே ஒரு ஒட்டு வைத்துத் தைப்பார்கள். ஒட்டுக்கு எதை வைப்பீர்கள் என்று கேட்டேன். உங்கள் இதயத்தைச் சுற்றியிருக்கிற உறையிலேயே ஒரு துண்டு வெட்டிக்கொள்வோம் என்றார்.

அப்படியானால் ஓட்டையை அடைக்கப் போவதில்லையா என்று கேட்டார் கணவர். அதையே வழியாகப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்றார் டாக்டர். இத்தனை மாதமாக ஓட்டை அடைத்தாச்சா, அடைத்தாச்சா என்று ஊரே கேட்டது. கடைசியில் அதை யாரும் அடைக்கப் போவதில்லை. நான் சிரித்துவிட்டேன். கணவர் சிரிக்கவில்லை. இதை இனி எல்லோருக்கும் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் அங்கே இல்லை. கண் விழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கனம். குழாயை எடுத்த பிறகு இருமச் சொன்னார்கள். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து கம்பி போட்டுக் கட்டிவிட்டு, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமு என்று சொல்கிறவர்களை என்ன செய்வது. இருமினேன்.

எல்லாம் நன்றாக நடந்தது என்றார்கள். ஆனால் ஒன்று இருந்தது. என் இதயம் தானாகத் துடிக்கச் சோம்பல்பட்டது. துடிப்பைத் தொடங்கி வைக்கிற இடம் அந்தப் பெரிய சிரை சேருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். அங்கே கை வைத்ததால் அது அதிர்ந்துபோயிருக்கிறது, சில பேருக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். என் மேல்வயிற்றிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் வெளியே வந்தன. அவற்றை ஒரு சின்னப் பெட்டியில் இணைத்து, அந்தப் பெட்டி சொல்கிற வேகத்தில் என் இதயம் துடித்தது.

தினமும் காலையில் டாக்டர் வந்து பெட்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார். மானிட்டரில் கோடு மெதுவாகும். நாற்பத்தி சொச்சம் என்று எண் இறங்கும். எனக்குக் காது அடைத்துக்கொண்டு வரும். பெட்டியை மறுபடி ஏற்றிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடுவார். எனக்கு அப்புறம் ஆபரேஷன் ஆனவர்கள் ஒவ்வொருவராக வார்டுக்கு மாறிப் போனார்கள். எழுந்து நடந்தார்கள். என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் பெட்டியோடு படுத்துக் கிடந்தேன். சரியாகாவிட்டால் நிரந்தரமாக பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும் என்று ஒருநாள் சொன்னார்கள். சரியாக வேண்டும் என்பதற்காகத்தானே இதெல்லாம் செய்தோம். படியேற முடியாமல் இருந்தவள் இப்போது படுக்கையிலிருந்து இறங்கவே முடியாமல் கிடக்கிறேன். பார்க்க வருகிற கணவரிடம் எரிந்து விழுந்தேன். சிஸ்டரிடம் எரிந்து விழுந்தேன். கொள்ளு ரசம் கொண்டுவந்த நங்கையை செக்யூரிட்டி உள்ளே விடவில்லை என்று சொன்னபோது, அந்த ரசத்துக்காகவும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் கணவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறதாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் முடியலைன்னு சொன்னேன்" என்றார். "எப்ப முடியும்னு கேட்டாங்க. தெரியலைன்னு சொன்னேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. தெரியவில்லை என்று ஒருத்தரிடம் சொல்வது அந்த மனிதருக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஏறக்குறைய ஒரு வாரம் போன பிறகு, வழக்கம்போல டாக்டர் பெட்டியைக் குறைத்தார். கோடு மெதுவாகி, தடுமாறி, பிறகு தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. எழுபது. டாக்டர் பெட்டியை அணைத்துவிட்டு நின்று பார்த்தார். எழுபத்திரண்டு. நானும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒயர்களை உருவி எடுத்தார்கள். உருவும்போது வயிற்றுக்குள் ஒரு புழு நெளிந்து வெளியே போனதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் உடனே பறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நானே அப்படி நினைத்திருந்தேன்போல. மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. மல்லாந்தே படுத்துப் படுத்து முதுகு மரத்துப்போனது. தும்மல் வந்தால் பயம். தலை வாரக் கையைத் தூக்கினால் தோள் விண்ணென்று இழுக்கும். வலது பக்கம் சுருங்கி அதனுடைய அளவுக்கு வர நாளாகும், உங்களுடையது நாற்பது வருஷம் வீங்கின இதயம் என்றார் டாக்டர். பார்க்க வந்தவர்கள் கழுத்துக்குக் கீழே எட்டிப்பார்த்தார்கள். தழும்பு இவ்வளவு மேலேயா ஆரம்பிக்கிறது, பாவம், நகை போட்டால் மறையுமா என்றார்கள். மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது போனேன். எனக்குக் கீழ்த்தளத்தில் வகுப்பு ஒதுக்கியிருந்தார்கள். இதயத்தை ஆபரேஷன் பண்ணினவர், பாவம் என்று. மூச்சு வாங்கின அத்தனை வருஷமும் கேட்டுக் கிடைக்காதது, மூச்சு சரியான பிறகு கேட்காமலே கிடைத்தது. பிரின்சிபாலிடம் போய் எனக்கு மாடி வகுப்பே போதும் என்றேன். டைம்டேபிள் போட்டாச்சுங்க மிஸ் என்றார். அந்த வருஷம் முழுவதும் கீழேதான்.

ஒரு வருஷ செக்கப்பில் எல்லாம் நன்றாக இருந்தது. நாளத்து ரத்தம் தடையில்லாமல் இடது பக்கம் போகிறது, சிரை சுருங்கவில்லை, வலது பக்கம் ஏறக்குறைய சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. கிளம்பும்போது டாக்டரம்மா, உங்கள் மகளுக்கும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் ஒருதடவை பார்த்துவிடுவது நல்லது என்றார்.

மகள் கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறாள். அவளுக்கு மூச்சு வாங்குவது இல்லை, கூடைப்பந்து ஆடுகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் எக்கோ அறைக்கு வெளியே உட்கார்ந்தபோது, என் ஆபரேஷனுக்கு முந்தின நாள் இல்லாத பயம் வந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். இளவயது டாக்டர் ஒருவர் அவள் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். சுவரில் ஓட்டை இல்லைங்க, நார்மல் என்று சொல்லிவிட்டு, கருவியை எடுக்கப் போனார்.

"நாளம் நாலும் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கழுத்தடித் தழும்பையும் பார்த்தார். மறுபடி கருவியை வைத்தார். இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பி, சிவப்பு நிறமாக ஓடுகிறதைக் காட்டினார்.

"இது ஒண்ணு. இது ரெண்டு. இது மூணுங்க. நாலாவது இந்தக் கோணத்துல அவ்வளவு தெளிவா வர மாட்டேங்குது. ஆனா வலது பக்கம் கொஞ்சங்கூடப் பெருசாகல. அதனால நீங்க கவலப்பட வேண்டியதில்லைங்க."

கவலைப்பட வேண்டியதில்லை. இருபது வருஷம் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் இவர் பார்த்துவிட்டுச் சொல்கிறார். எது தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குப் புரிகிறது. புரிந்தும் மனசு ஒப்பவில்லை. ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை, வேண்டுமானால் இரண்டு வருஷம் கழித்து மறுபடி எக்கோ எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

மகள் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மத்தியானம் லேப் இருக்கிறது, விட்டால் போதும் என்றாள். வெளியே கணவர் காத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மூன்று தெரிந்தது, ஒன்று சரியாகத் தெரியவில்லை, இரண்டு வருஷம் கழித்து வரச் சொன்னார்கள் என்றேன். அவர் அதை வாய்க்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு காரை எடுத்துவருகிறேன் என்று போனார்.